புத்தகம் பார்த்து புரோகிராமிங் கற்போம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் கடிதம் டைப் செய்யவும், இன்டர்நெட் பார்க்கவும், போட்டோக்களைச் சேர்த்து வைக்கவும் பழகிவிடுகிறார்கள். அதன் பிறகு பலருக்கும் ஓர் ஆசை வருகிறது. "மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களையே எத்தனை நாள் பயன்படுத்துவது? நாமே ஒன்று எழுதினால் என்ன?" என்ற ஆசைதான் அது. உடனே கடைக்குப் போய் ஒரு பாடப் புத்தகம் வாங்குகிறார்கள். முதல் இரண்டு பாடங்கள் சுகமாகப் போகும். மூன்றாவது பாடத்தில் ஏதோ இடிக்கும். நான்காவது பாடத்தில் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். "இதற்கெல்லாம் கணிதத்தில் புலியாக இருக்க வேண்டும், நமக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அல்லது ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து, அங்கும் அதே மூன்றாவது பாடத்தில் நின்றுவிடுவார்கள்.

பெரும்பாலும் இதில் தவறு உங்கள் மூளையில் இல்லை; புத்தகத்திலும் இல்லை. நாவல் படிப்பது போல் புரோகிராமிங் புத்தகத்தைப் படிப்பதுதான் தவறு. தையல் புத்தகத்தைப் படித்து மட்டும் யாரும் ரவிக்கை தைத்துவிட முடியாது. துணியும் கத்தரிக்கோலும் கையில் வேண்டும். இதுவும் அப்படித்தான். ஒரு தொடக்கப் பாடப் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் படிப்பது, எங்கே தடுக்கும், தடுக்கும்போது என்ன செய்வது என்று இங்கே பார்க்கலாம். உதாரணத்துக்கு பைதான் மொழியை எடுத்துக்கொள்வோம்.

ஏன் பைதான்?

பைதான் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம். முதல் பதிப்பு 1991-ல் வெளியானது. மலைப்பாம்புக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை. 'மான்டி பைதான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் பெயரிலிருந்து எடுத்ததுதான் அது. இந்த மொழி முற்றிலும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஒரே ஒரு வரி எழுதினாலும் உடனே விடை கிடைக்கும். புதியவர்களுக்கு இந்த 'உடனே விடை' என்பது பெரிய ஊக்கம்.

புத்தகம் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

புத்தகக் கடைகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் காலாவதியான புரோகிராமிங் புத்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. தெரியாமல் வாங்கினால், புத்தகத்தில் உள்ளபடியே டைப் செய்தாலும் வேலை செய்யாது. நாம்தான் தவறு செய்கிறோம் என்று நினைத்து மனம் உடைந்துவிடும். எனவே பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. பைதான் புத்தகத்தின் முதல் உதாரணத்தைப் பாருங்கள். பிரின்ட் என்ற கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இருந்தால் அது பைதான் 3. அடைப்புக்குறி இல்லாமல் நேரடியாக மேற்கோள் குறி தொடங்கினால் அது பைதான் 2. பைதான் 3 வெளியானது 2008 டிசம்பரில். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தப் புத்தகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் புதியவர்களுக்கு வேண்டாம்.

2. சி அல்லது சி++ புத்தகம் என்றால், உதாரணங்களில் 'கோனியோ டாட் ஹெச்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது டர்போ சி காலத்துப் புத்தகம். டர்போ சி டாஸ் காலத்து 16 பிட் சாஃப்ட்வேர். இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காது. டாஸ்பாக்ஸ் போன்ற இன்னொரு சாஃப்ட்வேரின் உதவி வேண்டும்.

3. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பயிற்சிகள் இருக்கின்றனவா? பயிற்சி இல்லாத புத்தகத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பணம் செலவழிக்காமலும் தொடங்கலாம். தமிழ்நாடு அரசின் பிளஸ் 2 கணினி அறிவியல் பாடநூல், 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில், பைதான் மொழியைத்தான் கற்றுத்தருகிறது. தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் இந்தப் பாடநூல் பிடிஎஃப் ஃபைலாக இலவசமாக வெளியிடப்பட்டது. பிளஸ் 2 மாணவர் வீட்டில் இருந்தால் புத்தகமே கைவசம் இருக்கும். ஒரே ஒரு யோசனை. அதன் முதல் நான்கு பாடங்கள் பொதுவான கருத்துகளைப் பேசுகின்றன. வீட்டில் தனியாகப் படிப்பவர்கள் அங்கே தொடங்கினால் மலைத்துவிடுவார்கள். பைதான் தொடங்குவது ஐந்தாம் பாடத்தில். நேராக அங்கே போங்கள். முதல் நான்கைப் பிறகு படிக்கலாம். ஆங்கிலம் தடையில்லை என்பவர்கள் ஆலன் டவுனி எழுதிய 'திங்க் பைதான்' என்ற நூலைப் பார்க்கலாம். இதன் மூன்றாம் பதிப்பு 2024-ல் வந்தது. இன்டர்நெட்டில் இலவசமாகவே படிக்கலாம்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்வோம்

பைதான் டாட் ஓஆர்ஜி என்ற தளத்துக்குச் சென்று பைதானை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். வேறு எந்தத் தளத்திலிருந்தும் டவுன்லோட் செய்ய வேண்டாம். இன்ஸ்டால் ஆனவுடன் ஸ்டார்ட் மெனுவில் ஐடில் என்ற புரோகிராம் இருக்கும். அதைத் திறந்தால் ஒரு வெள்ளை ஜன்னலில் >>> என்று மூன்று குறிகள் தெரியும். "சொல்லுங்கள், காத்திருக்கிறேன்" என்று கம்ப்யூட்டர் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

>>> 17 + 25
42
>>> 7 / 2
3.5
>>> 7 // 2
3
>>> 7 % 2
1

ஒரு சாய்கோடு போட்டால் சாதாரண வகுத்தல். இரண்டு சாய்கோடுகள் போட்டால் ஈவு மட்டும். சதவீதக் குறி போட்டால் மீதி மட்டும். ஏழு மிட்டாயை இரண்டு குழந்தைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்று, மிச்சம் ஒன்று. இப்போது இதையும் டைப் செய்து பாருங்கள்.

>>> 0.1 + 0.2
0.30000000000000004

கம்ப்யூட்டர் பழுது என்று பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் எண்களை 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டுமே வைத்துக்கொள்கிறது. நம் கணக்கில் 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறது அல்லவா? அதுபோல 0.1 என்ற எண் கம்ப்யூட்டரின் இரண்டிலக்க முறையில் முடிவில்லாமல் போகும். ஓர் இடத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும்? அந்த வெட்டின் மிச்சம்தான் கடைசியில் தெரியும் அந்த 4. இதனால்தான் பணக் கணக்குப் புரோகிராம்களில் ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்வார்கள்.

முதல் தடை: சமக்குறி

பலரும் நிற்கும் இடம் இது. பள்ளிக்கூடத்தில் சமக்குறி என்றால் இரு பக்கமும் சமம். பைதானில் அப்படி அல்ல. வலப்பக்கம் உள்ளதைக் கணக்கிட்டு, இடப்பக்கம் உள்ள பெயரில் வைத்துக்கொள் என்பதே அதன் பொருள். இன்னொரு நல்ல செய்தி: பைதான் 3-ல் இந்தப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். டைப் செய்து பாருங்களேன்.

>>> விலை = 60
>>> கிலோ = 3
>>> தொகை = விலை * கிலோ
>>> தொகை
180

வெங்காயம் கிலோ 60 ரூபாய், மூன்று கிலோ, ஆக 180 ரூபாய். சரி. இப்போது விலை ஏறிவிட்டது.

>>> விலை = 75
>>> தொகை

என்டர் தட்டும் முன் சற்று நில்லுங்கள். என்ன விடை வரும்? ஒரு தாளில் எழுதிவிட்டு என்டர் தட்டுங்கள்.

225 என்று எழுதியிருந்தால், அப்படி எழுதியவர் நீங்கள் மட்டும் அல்ல. ஆனால் பைதான் தரும் விடை 180. எக்ஸெல் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும். எக்ஸெல்லில் ஒரு செல்லை மாற்றினால் மொத்தமும் தானாக மாறும். புரோகிராமில் மாறாது. 'தொகை' என்ற பெயரில் இருப்பது சூத்திரம் அல்ல. அந்த வரி இயங்கிய நேரத்தில் கிடைத்த விடை மட்டுமே. புதிய தொகை வேண்டும் என்றால் கணக்கிடும் வரியை மீண்டும் இயக்க வேண்டும். புரோகிராம் என்பது வரிசையாக, ஒவ்வொரு வரியாக நடக்கும் வேலை. இந்த ஓர் உண்மை புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

விலை = விலை + 5 என்ற வரியும் இப்போது புரியும். கணிதத்தில் இது அபத்தம். பைதானில், "இப்போது இருக்கும் விலையோடு 5 கூட்டி, அதையே விலையாக வைத்துக்கொள்" என்று பொருள். 75 இருந்த இடத்தில் 80 வந்துவிடும்.

இரண்டாம் தடை: எண்ணா, எழுத்தா?

>>> 5 + 3
8
>>> "5" + "3"
'53'
>>> "5" * 3
'555'

மேற்கோள் குறிக்குள் இருக்கும் 5, எண் அல்ல, எழுத்து. கதவில் எழுதியிருக்கும் வீட்டு எண்ணைப் போல. ஐந்தாம் எண் வீட்டையும் மூன்றாம் எண் வீட்டையும் யாராவது கூட்டுவார்களா? எனவே பைதான் இரண்டு எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித் தருகிறது. எழுத்தையும் எண்ணையும் சேர்த்துக் கூட்டச் சொன்னால் 'டைப்எரர்' என்று மறுத்துவிடும்.

இது ஏன் முக்கியம்? கீபோர்டில் நீங்கள் டைப் செய்து தருவது எதுவானாலும் பைதான் அதை எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். எண்ணாக மாற்ற இன்ட் என்ற கட்டளை வேண்டும். புத்தகங்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடு இடுங்கள்.

முதல் முழு புரோகிராம்

நம் தெரு ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு புரோகிராம் எழுதுவோம். அவர் விதி இது: பத்துப் பிரதி வரை ஒன்றுக்கு 2 ரூபாய். பத்துக்கு மேல் எடுத்தால் எல்லாப் பிரதிக்கும் ஒன்றரை ரூபாய்.

ஐடில் ஜன்னலில் ஃபைல் மெனுவில் நியூ ஃபைல் கிளிக் செய்தால் புதிய ஜன்னல் திறக்கும். இங்கே எழுதுவது உடனே இயங்காது. எழுதி, சேவ் செய்து, எஃப்5 விசையை அழுத்தினால்தான் இயங்கும்.

கீழே உள்ள வரிகளில் பைதானுக்கே உரிய சொற்களைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். டைப் செய்யும்போது அவற்றை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்திடுங்கள். பிரின்ட் (பி-ஆர்-ஐ-என்-டி), இன்புட் (ஐ-என்-பி-யு-டி), இன்ட் (ஐ-என்-டி), இஃப் (ஐ-எஃப்), எல்ஸ் (இ-எல்-எஸ்-இ), ஃபார் (எஃப்-ஓ-ஆர்), இன் (ஐ-என்), ரேஞ்ச் (ஆர்-ஏ-என்-ஜி-இ). இந்த எட்டுச் சொற்கள் போதும். நாம் வைக்கும் பெயர்கள் தமிழில் இருக்கலாம். தமிழில் டைப் செய்வது சிரமம் என்றால் அவற்றையும் ஆங்கில எழுத்துகளிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பிரதி = இன்ட்(இன்புட்("எத்தனை பிரதி? "))
இஃப் பிரதி <= 10:
    தொகை = பிரதி * 2
எல்ஸ்:
    தொகை = பிரதி * 1.5
பிரின்ட்("ரூபாய்", தொகை)

மூன்றாவது, ஐந்தாவது வரிகள் நான்கு இடைவெளி உள்ளே தள்ளி இருப்பதைக் கவனியுங்கள். அது அழகுக்காக அல்ல. 'இந்த நிபந்தனைக்கு உட்பட்ட வேலை இது' என்பதை பைதான் அந்த இடைவெளியை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. இஃப் வரியின் முடிவில் முக்காற்புள்ளியும் கட்டாயம்.

இயக்கி, 8 என்று கொடுத்தால் 16 வரும். 10 கொடுத்தால் 20. 11 கொடுத்தால் 16.5. விடை வந்துவிட்டது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். உண்மையான பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

உடைத்துப் பார்ப்பது

புத்தகத்தில் உள்ள புரோகிராம் சரியாக இயங்கியதும் அதை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றும் முன் என்ன ஆகும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. இன்ட் என்ற சொல்லையும் அதன் அடைப்புக்குறிகளையும் நீக்குங்கள். 'டைப்எரர்' வரும். பிரதி என்பது இப்போது எழுத்து. எழுத்தையும் எண்ணையும் எப்படி ஒப்பிடுவது என்று பைதான் கேட்கிறது.

2. <= என்ற குறியில் சமக்குறியை மட்டும் நீக்கி < என்று வையுங்கள். எந்த எரரும் வராது. 8, 11 எல்லாம் சரியாகவே வரும். ஆனால் 10 கொடுத்தால் 20-க்குப் பதில் 15.0 வரும். பத்துப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கடைக்காரருக்கு 5 ரூபாய் நஷ்டம். ஒரே ஒரு எழுத்துப் பிழை. கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. எரர் தரும் தவறைவிட எரர் தராத தவறு ஆபத்தானது. எனவே எந்தப் புரோகிராமையும் எல்லை எண்களில் சோதிக்க வேண்டும். இங்கே எல்லை 10. எனவே 9, 10, 11 மூன்றையும் கொடுத்துப் பாருங்கள்.

3. –5 என்று கொடுங்கள். –10 ரூபாய் என்று வரும். கடைக்காரர் உங்களுக்குப் பணம் தர வேண்டும்! இதைத் தடுப்பது எப்படி? இது உங்களுக்கான பயிற்சி.

4. 8 பிரதிக்கு 16 ரூபாய். 11 பிரதிக்கு 16.50. அதாவது பத்துப் பிரதி வேண்டியவர் பதினொன்றாக எடுத்துக்கொண்டால் மூன்றரை ரூபாய் மிச்சம். இது புரோகிராமின் தவறு அல்ல. கடைக்காரர் போட்ட விதியின் தவறு. அவர் சொன்னதை கம்ப்யூட்டர் அப்படியே செய்தது. இப்படி, விதியில் உள்ள ஓட்டையையும் புரோகிராம் எழுதும்போதுதான் கண்டுபிடிக்கிறோம்.

நான்கு மாற்றங்களில் நீங்கள் கற்றது, அடுத்த பத்துப் பக்கங்களை வாசிப்பதைவிட அதிகம்.

மூன்றாம் தடை: திரும்பத் திரும்ப நடக்கும் வேலை

லூப் என்ற பாடத்தில் புத்தகத்தை மூடுபவர்கள் அதிகம். இதற்கு மருந்து பென்சிலும் தாளும்தான். இதோ ஒரு சிறு உதாரணம். உண்டியலில் முதல் நாள் 1 ரூபாய், பிறகு தினமும் இரு மடங்கு போடுகிறோம்.

பணம் = 1
ஃபார் நாள் இன் ரேஞ்ச்(1, 6):
    பிரின்ட்(நாள், பணம்)
    பணம் = பணம் * 2

முதலில் ஒரு சந்தேகம் வரும். ரேஞ்ச் 1 முதல் 6 வரை என்றால் ஆறு நாளா? இல்லை, ஐந்து நாள்தான். முதல் எண் சேரும். கடைசி எண் சேராது. இது பைதானின் வழக்கம். இப்போது கம்ப்யூட்டரை இயக்காமல், நீங்களே கம்ப்யூட்டராக மாறி ஒவ்வொரு வரியாக நடந்து பாருங்கள்.

நாள் 1: திரையில் 1, பிறகு பணம் 2 ஆகிறது.
நாள் 2: திரையில் 2, பிறகு பணம் 4.
நாள் 3: திரையில் 4, பிறகு பணம் 8.
நாள் 4: திரையில் 8, பிறகு பணம் 16.
நாள் 5: திரையில் 16, பிறகு பணம் 32.

இப்போது இயக்கி ஒப்பிடுங்கள். அடுத்து, கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றுங்கள். முதல் நாளே 2 என்று காட்டும். காரணம், இரு மடங்காக்கிய பிறகுதான் பிரின்ட் வரி வருகிறது. அதன் பிறகு, கடைசியில் இருக்கும் பிரின்ட் வரியின் இடைவெளியை எடுத்துவிட்டு ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். 5 32 என்று ஒரே ஒரு வரிதான் வரும். அந்த வரி லூப்புக்கு வெளியே போய்விட்டது. லூப் முடிந்த பிறகு ஒரு முறை மட்டும் நடக்கிறது. லூப் எங்கே குழப்பினாலும் இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். அனுபவசாலிகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

சிவப்பு எழுத்தைக் கண்டு பயம் வேண்டாம்

எரர் வந்தால் சிவப்பு நிறத்தில் பல வரிகள் வரும். புதியவர்கள் பதறிப்போய் ஜன்னலையே மூடிவிடுவார்கள். எரர் என்பது திட்டு அல்ல, துப்பு. கடைசி வரியை முதலில் படியுங்கள். அதில் எரரின் பெயர் இருக்கும். அதற்கு மேலே எந்த வரி எண் என்று இருக்கும்.

நேம்எரர்: அந்தப் பெயரில் எதுவும் இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும், அல்லது மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கும்.

சின்டாக்ஸ்எரர்: வாக்கிய அமைப்பு தவறு. முக்காற்புள்ளி, அடைப்புக்குறி, மேற்கோள் குறி மூன்றையும் பாருங்கள். காட்டும் வரி சரியாக இருந்தால் அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள்.

இன்டென்டேஷன்எரர்: இடைவெளி தவறு.

டைப்எரர்: எண்ணும் எழுத்தும் கலந்துவிட்டன என்பது பெரும்பாலான காரணம்.

இன்னொரு பொறி உண்டு. வேர்டு ஃபைலிலிருந்தோ பிடிஎஃப் ஃபைலிலிருந்தோ உதாரணத்தை காப்பி செய்து ஒட்டினால், மேற்கோள் குறி வளைந்த குறியாக வந்துவிடலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், பைதான் ஏற்காது. எனவே கையால் டைப் செய்வதே நல்லது. அதேபோல, உங்கள் ஃபைலுக்கு 'ரேண்டம்' போன்று பைதானுக்குள் ஏற்கெனவே இருக்கும் பெயரை வைக்காதீர்கள். பிறகு அந்த வசதி தேவைப்படும்போது பைதான் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொண்டு குழம்பும்.

ஒரு சிறு நோட்டு வாங்கி, வந்த எரர், அதற்குக் காரணம், எப்படிச் சரியானது என்று ஒவ்வொரு வரி எழுதி வாருங்கள். ஒரு மாதத்தில் அதே எரர் திரும்பி வரும்போது நோட்டைப் புரட்டினால் போதும். கடையில் கிடைக்காத, உங்களுக்கென்றே எழுதிய புத்தகம் அது.

தினமும் எப்படிப் படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் முக்கால் மணி நேரம் மேல். ஒரு வாரத்துக்கு ஒரு பாடம் போதும்.

1. புத்தகத்தைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துத்தான் திறக்க வேண்டும். படுக்கையில் வேண்டாம்.

2. உதாரணத்தைப் பார்த்ததும், கீழே உள்ள விடையைக் கையால் மறைத்துக்கொண்டு விடையை ஊகித்து எழுதுங்கள். பிறகு டைப் செய்து இயக்குங்கள். ஊகம் தவறும் இடத்தில்தான் கற்க ஏதோ இருக்கிறது.

3. இரண்டு மாற்றங்களாவது செய்து உடைத்துப் பாருங்கள்.

4. மறுநாள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நேற்றைய புரோகிராமை நினைவிலிருந்து எழுதுங்கள். வரவில்லை என்றால் புத்தகத்தை ஒரு முறை பார்த்து, மீண்டும் மூடிவிட்டு எழுதுங்கள். வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். என்ன வேலை நடக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் வரிகள் தானே வரும்.

5. பயிற்சிக்கு இருபது நிமிடமாவது தனியாக முயலுங்கள். விடை வராவிட்டாலும் அந்த இருபது நிமிடம் வீண் அல்ல. அதன் பிறகு படிக்கும் விடை மனதில் நிற்கும்.

கேட்டவுடன் புரோகிராம் எழுதித் தரும் ஏஐ சாட்பாட்கள் இன்று வந்துவிட்டன. பயிற்சியை அதனிடம் கொடுத்து விடை வாங்குவது, நீச்சல் வகுப்புக்கு ஆளை அனுப்பி வைப்பது போன்றது. அவர் நீந்துவார், நீங்கள் கரையிலேயே நிற்பீர்கள். ஆனால் இருபது நிமிடம் முயன்ற பிறகு, "இந்த எரருக்கு என்ன பொருள்? விடையைச் சொல்லாமல் காரணத்தை மட்டும் சொல்" என்று கேட்பது நல்ல பயன்பாடு. அது சொல்வதும் சில சமயம் தவறாக இருக்கும். இயக்கிப் பார்த்த பிறகே நம்புங்கள்.

எப்போது புத்தகத்தை மூடலாம்?

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடித்தே தீர வேண்டும் என்பதில்லை. பெயர் வைத்தல், இஃப், லூப், ஃபங்ஷன், லிஸ்ட் ஆகிய ஐந்தும் கைக்கு வந்துவிட்டால், உங்கள் வீட்டு வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கும் புரோகிராம் என எதுவாகவும் இருக்கலாம். சிறியதாக இருக்கட்டும்; ஆனால் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவதாக இருக்கட்டும். தேவை இருந்தால்தான் முடிப்போம். எழுதும்போது தெரியாத இடம் வரும். அப்போது புத்தகத்தின் மிச்சப் பாடங்களுக்குப் போனால், அவை வேறு மாதிரி புரியும்.

இது உடனே வேலை வாங்கித் தரும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் இத்தனை நாள் கம்ப்யூட்டர் சொன்னபடி நீங்கள் கிளிக் செய்துகொண்டிருந்தீர்கள். இனி நீங்கள் சொன்னபடி அது செய்யும். அது சின்ன விஷயம் இல்லை.

இந்த மாதப் பயிற்சி: ஜெராக்ஸ் புரோகிராமில் பூஜ்யமோ அதற்குக் குறைவான எண்ணோ கொடுத்தால் "சரியான எண் தரவும்" என்று வருமாறு மாற்றுங்கள். அடுத்து, 11 பிரதி எடுத்தால் 10 பிரதியைவிடக் குறைவாக வரும் ஓட்டையை அடைக்க, முதல் பத்துக்கு 2 ரூபாய், அதற்கு மேல் எடுப்பவற்றுக்கு மட்டும் ஒன்றரை ரூபாய் என்று விதியை மாற்றி எழுதுங்கள். 11-க்கு 21.5 வந்தால் உங்கள் புரோகிராம் சரியான பாதையில் இருக்கிறது. 9, 10 இரண்டையும் கொடுத்துப் பார்க்க மறந்துவிடாதீர்கள்!